ஒரு வீட்டுக்கு ஒரு ரௌட்டர்

மாடி அறைப் புதிர்

மொட்டை மாடி அறையில் கைபேசியின் வைஃபை குறி முழுதாக நிரம்பி நிற்கிறது. வீடியோ மட்டும் நின்று நின்று ஓடுகிறது. கீழே ஹாலில் அதே கைபேசியில், அதே வைஃபை பெயரில், அதே வீடியோ தங்குதடையின்றி ஓடுகிறது. மூன்று மெஷ் பெட்டிகள் வாங்கி மாடிக்கு ஒன்றாக வைத்த வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது: சிக்னல் இவ்வளவு இருந்தும் வேகம் எங்கே போகிறது?

அந்தக் குறி எதை அளக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். கைபேசிக்கும் அது பற்றிக்கொண்டிருக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள அலையின் வலுவை மட்டுமே அது காட்டுகிறது. அந்தப் பெட்டிக்கு இணையம் எந்த வழியாக, எவ்வளவு வேகத்தில் வந்து சேர்கிறது என்பது கைபேசிக்குத் தெரியாது. வீட்டுக்குள் குழாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும், தெருக்குழாயில் வரும் நீர்தானே வாளியை நிரப்ப வேண்டும்.

மெஷ் என்பது ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் கூடி இயங்கும் வைஃபை பெட்டிகளின் கூட்டம். பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே தரவு போய்வரும் வழியை இந்த அத்தியாயம் பின்பாதை என்று அழைக்கிறது. மெஷ் விளம்பரங்கள் பெரும்பாலும் முன்பக்கத்தை, அதாவது பெட்டியிலிருந்து கைபேசிக்கு வரும் அலையைத்தான் காட்டும். மாடி அறையின் தலையெழுத்தை எழுதுவது பின்பாதை.

காற்றில் ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும்

வைஃபை வானொலி அலையில் இயங்குகிறது. ஒரே தடத்தில், ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்கும் தூரத்தில் இருக்கும் கருவிகளுள் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும். இரண்டு ஒரே சமயத்தில் பேசினால் அலைகள் கலந்து இரண்டும் பாழாகும். அதனால் ஒவ்வொரு கருவியும் பேசும் முன் காதுகொடுத்துக் கேட்கிறது. தடம் காலியாக இருந்தால், சிறிது நேரம் பொறுத்துப் பேசுகிறது. ஆகவே வைஃபையில் உண்மையான சரக்கு நேரம்தான். வேகம் என்பது கிடைத்த நேரத்தில் எவ்வளவு பேசி முடிக்கிறது என்ற கணக்கு.

பின்பாதையும் காற்றிலேயே இருந்தால் என்ன ஆகும்? ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தரைத்தள ஹாலில், வாசலை ஒட்டி, ஃபைபர் இணைப்பு வந்து இறங்குகிறது. திட்டத்தின் வேகம் நொடிக்கு 300 மெகாபிட். முதல் மெஷ் பெட்டி ஹாலில், இரண்டாவது முதல் மாடியில், மூன்றாவது மொட்டை மாடி அறையில். இடையே இரண்டு கான்கிரீட் தளங்கள். தளத்துக்குள் பின்னிக் கட்டிய கம்பியும், கான்கிரீட்டில் ஊறியிருக்கும் ஈரமும் அலையை வெகுவாகக் குறைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இழப்பு கூடுதல். வேகமான தடங்கள் அமைந்திருப்பதோ 5 கிகாஹெர்ட்ஸில்தான்.

ஒரு தளத்தைத் தாண்டும் தாவல் நொடிக்கு 50 மெகாபிட் கடத்துகிறது என்றும், அறைக்குள்ளேயே பெட்டியிலிருந்து கைபேசிக்குப் போகும் கடைசித் தாவல் 400 மெகாபிட் கடத்துகிறது என்றும் வைத்துக்கொண்டால், 100 மெகாபிட் தரவு மொட்டை மாடிக் கைபேசிக்குப் போக மூன்று முறை காற்றில் பேசப்பட வேண்டும். ஹாலிலிருந்து முதல் மாடிக்கு 2 நொடி. அங்கிருந்து மொட்டை மாடிக்கு இன்னொரு 2 நொடி. கடைசித் தாவலுக்குக் கால் நொடி. மொத்தம் 4.25 நொடி, அதாவது நொடிக்கு சுமார் 23 மெகாபிட். கைபேசியில் தெரியும் முழுக் குறி அந்தக் கால் நொடித் தாவலுக்கு உரியது. மீதி நான்கு நொடி அதன் கண்ணில் படுவதே இல்லை.

இதற்கிடையே முதல் மாடித் தொலைக்காட்சியில் ஒரு 4கே படம் ஓடி, அது நொடிக்கு 25 மெகாபிட் கேட்டால், அந்தப் படம் மட்டும் ஒவ்வொரு நொடியிலும் பாதிக்கு மேல் நேரத்தைத் தின்றுவிடும். மொட்டை மாடிக்கு மிஞ்சுவது நொடிக்கு 10 மெகாபிட் அளவுதான். பக்கத்து வீட்டு வைஃபையும் அதே தடத்தில் இருந்தால் அதுவும் சுருங்கும்.

பின்பாதைக்கென்று தனி அலைக்கற்றை ஒதுக்கும் பெட்டிகளும் விற்கின்றன. நேரப் பங்கீடு அவற்றில் ஓரளவு தீரும்; கான்கிரீட் தளம் அப்படியேதான் இருக்கும்.

கேபிள் வந்தால் மாறும் கணக்கு

மூன்று பெட்டிகளையும் ஈதர்நெட் கேபிளால் இணைத்துவிட்டால் அந்த நான்கு நொடி கணக்கிலிருந்து கழன்றுவிடும். சாதாரண கிகாபிட் ஈதர்நெட் நொடிக்கு 1000 மெகாபிட் கடத்தும். ஒரே சமயத்தில் இரு திசையிலும் கடத்தும். காத்திருப்பு இல்லை, கான்கிரீட்டும் பொருட்டில்லை. காற்றில் மிஞ்சுவது கடைசித் தாவல் மட்டும். மேலே கண்ட வீட்டில் மொட்டை மாடிக் கைபேசி இப்போது 400 மெகாபிட் வரை பெறலாம்; திட்டத்தின் வேகம் 300 என்பதால் அதுவே எல்லை.

இன்னொரு நன்மை இதைவிடப் பெரிது. பெட்டிகள் காற்றில் பேசிக்கொள்ள வேண்டியிருந்தபோது அவை ஒரே தடத்தில் இருந்தாக வேண்டும். கேபிள் வந்தபின் அந்தக் கட்டாயம் இல்லை. முதல் மாடியும் மொட்டை மாடியும் வெவ்வேறு தடங்களில், ஒன்றுக்காக மற்றொன்று காத்திராமல் இயங்கலாம். காற்று முழுவதும் கைபேசிகளுக்கே கிடைக்கிறது.

இவ்வளவு செய்தும் சில வீடுகளில் வேறொரு தொல்லை முளைக்கிறது. வேகம் இருக்கும், ஆனால் கைபேசிக்குப் பிரிண்டர் தென்படாது.

இரண்டு ரௌட்டர் உள்ள வீடு

ரௌட்டர் என்ற பெட்டிக்கு மூன்று வேலைகள். வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வழங்குவது முதல் வேலை. உள்ளிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கையிலும் உள் முகவரியை அழித்து, வீட்டின் பொது முகவரியை எழுதி, பதில் வரும்போது உரியவரிடம் சேர்ப்பது இரண்டாவது. இதற்கு முகவரி மாற்றம் என்று பெயர். உள்ளே யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வருவதை வாசலிலேயே நிறுத்துவது மூன்றாவது.

முகவரி மாற்றம் தேவைப்பட்டதற்குக் காரணம் எண்களின் பற்றாக்குறை. இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 430 கோடி எண்களே உண்டு. அதனால் 192.168 என்று தொடங்குவன போன்ற சில வரிசைகள் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளே மட்டும் புழங்குவதற்கென்று 1996இல் முறையாக ஒதுக்கப்பட்டன. உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் 192.168.1.1 என்ற ஒரே எண் இருக்கிறது. தெருவுக்குத் தெரு ‘மேல வீடு’ இருப்பதைப் போல, அதனால் குழப்பம் வருவதில்லை.

ஃபைபர் நிறுவனம் வாசலில் வைத்துப் போகும் பெட்டி ஒளியை மின்குறியாக மாற்றுவதோடு ரௌட்டராகவும் இயங்குகிறது. மெஷ் தொகுதியின் முதல் பெட்டியும் கடையிலிருந்து வரும்போதே ரௌட்டர்தான். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டையும் மாட்டினால் வீட்டுக்குள் இரண்டு வலையமைப்புகள் உண்டாகின்றன. எடுத்துக்காட்டு வீட்டில் ஃபைபர் பெட்டியின் எண் 192.168.1.1. பிரிண்டர் பழையபடி அதோடு இணைந்து 192.168.1.7 என்ற எண்ணில் இருக்கிறது. மெஷ் முதல் பெட்டி வெளிப்புறம் 192.168.1.2 என்ற எண்ணைப் பெற்று, உட்புறம் 192.168.68 என்று தொடங்கும் வேறு வரிசையை வழங்குகிறது. கைபேசிக்கு 192.168.68.23.

பிரிண்டரைத் தேடும் கைபேசி தன் வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி ஒரு கூவல் விடும்: பிரிண்டர் யார், பதில் சொல்லவும். இத்தகைய கூவல்களை ரௌட்டர் எல்லை தாண்டிக் கடத்தாது. கடத்தக் கூடாது என்பதுதான் விதி. எனவே இரண்டடி தள்ளி மேசையில் இருக்கும் பிரிண்டருக்கு அது கேட்பதே இல்லை. எண்ணை நேராகத் தட்டினால் போய்ச் சேரும், தேடினால் கிடைக்காது. கைபேசிப் படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும்போதும், கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டியை வெளியூரிலிருந்து பார்க்கும்போதும் இதே சிக்கல். வெளியூரிலிருந்து உள்ளே வர இரண்டு வாசல்களிலும் தனித்தனியே வழி திறந்துவிட வேண்டியிருக்கும். இணையத்தில் வெறுமனே பக்கங்களைப் பார்ப்பவருக்கு இவை எதுவும் தெரியாது. அதனாலேயே இரட்டை முகவரி மாற்றம் பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கிறது.

ஃபைபர் பெட்டியைக் கழற்றி வைத்துவிடலாமே என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் அதன் இடத்தை மெஷ் பெட்டி நிரப்ப முடியாது. வீடுகளுக்கு வரும் பரவலான ஃபைபர் முறையில் 1490 நானோமீட்டர் ஒளியில் தரவு இறங்குகிறது, 1310 நானோமீட்டரில் ஏறுகிறது. ஒரே இழை வழியில் பிரிக்கப்பட்டுப் பல வீடுகளுக்குப் போவதால், தன்னிடம் பதிவு பெற்ற பெட்டியோடு மட்டுமே நிறுவனத்தின் கருவி பேசும். ஆகவே அந்தப் பெட்டி இருந்தாக வேண்டும். அதன் ரௌட்டர் வேலையை நிறுவனத்திடம் சொல்லி நிறுத்திவைத்து, மெஷ்ஷை ரௌட்டராக்குவது ஒரு வழி. மெஷ்ஷின் ரௌட்டர் வேலையை நிறுத்துவது மற்றொன்று. இரண்டாவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். வீட்டிலேயே சில நிமிடங்களில் முடியும். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே நல்ல வழி.

ஆக்சஸ் பாயின்ட் என்ற நிலை

மெஷ் பெட்டியின் செயலியில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்றோ ‘பிரிட்ஜ்’ என்றோ ஒரு தேர்வு இருக்கும். தமிழில் அணுகுபுள்ளி. இதைத் தேர்ந்தெடுத்ததும் பெட்டி மூன்று ரௌட்டர் வேலைகளையும் கைவிடுகிறது. எண் வழங்காது, முகவரி மாற்றாது, வாசல் காக்காது. காற்றில் வந்ததைக் கேபிளில் இறக்குவதும், கேபிளில் வந்ததைக் காற்றில் ஏற்றுவதும் மட்டுமே மிச்சம். எந்தக் கருவி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை, ஒவ்வொரு கருவிக்கும் உரிய வன்பொருள் முகவரியை வைத்துக் குறித்துக்கொள்கிறது. கூவல்களையும் அப்படியே கடத்திவிடுகிறது.

இப்போது கைபேசி எண் கேட்டால் அந்தக் கோரிக்கை மெஷ் பெட்டி வழியாக ஃபைபர் பெட்டிக்கே போகிறது, 192.168.1.23 என்பதுபோல ஓர் எண் கிடைக்கிறது. பிரிண்டரும் கைபேசியும் ஒரே வரிசைக்கு வந்துவிட்டன. கூவல் கேட்கிறது, பதில் வருகிறது.

இன்னொரு பயன் அழைப்புகளில் தெரியும். வைஃபை வழியாகப் பேசிக்கொண்டே மாடி ஏறும்போது கைபேசி ஒரு பெட்டியை விட்டு மற்றொன்றைப் பற்றுகிறது. எப்போது மாறுவது என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது கைபேசிதான். பெட்டிகள் யோசனை சொல்லும், அவ்வளவே. வலையமைப்பு ஒன்றே என்றால் மாறிய பிறகும் எண் அதேதான், பேச்சு அறுபடாது. எண் வரிசை மாறிவிட்டால் மறுமுனைக்குப் பழைய தொடர்பு அறுந்துபோகும்.

இழப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு, எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்பன போன்ற வசதிகள் ரௌட்டர் வேலையோடு பிணைந்தவை. அணுகுபுள்ளி நிலையில் பல மெஷ் தொகுதிகளில் அவை மறைந்துவிடும். அவை இன்றியமையாத வீட்டுக்கு முன்சொன்ன முதல் வழியே பொருத்தம். அதேபோல, நிறுவனம் தன் தரப்பிலேயே இன்னொரு முகவரி மாற்றம் செய்தால், வீட்டுக்குள் எதைச் சீர்செய்தாலும் வெளியூரிலிருந்து கேமராவை நேராகத் திறக்க முடியாது. நிறுவனங்களின் இந்தப் பயன்பாட்டுக்கென 2012இல் ஒதுக்கப்பட்ட வரிசை 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள். ஃபைபர் பெட்டியின் வெளிமுகவரி அந்த வரிசையில் இருந்தால் காரணம் அதுதான்.

கேபிள் இழுத்தல்

ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்கு அழகுக்கு அல்ல. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இணையின் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவாக ஏறும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். தொலைபேசிக் கம்பிக்காக அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. நான்கு இணைகளும் ஒன்றோடொன்று கலக்காதிருக்க ஒவ்வொன்றும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்படுகின்றன.

வீட்டுக்கு கேட் 6 கேபிள் போதும். கிகாபிட் வேகத்தில் 100 மீட்டர் வரை போகும். எந்த வீட்டிலும் அவ்வளவு நீளம் வராது. உள்ளே முழுச் செம்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளில் மின்தடை அதிகம். வளைத்தால் ஒடியவும் செய்யும். 230 வோல்ட் மின்கம்பி போகும் பி.வி.சி. பைப்பிலேயே இதையும் நுழைப்பது சுலபமாகத் தோன்றும். அது ஆபத்து: மின்கம்பியின் உறை தேய்ந்தால் வீட்டு மின்சாரம் பெட்டிகளுக்குள் இறங்கிவிடும். தனிப் பைப்பே முறை.

முனையில் கிளிப் மாட்டும் கிரிம்பிங் வேலையில் கம்பிகளின் வரிசை முக்கியம். பரவலாக வழங்கும் வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பச்சை இணை மூன்றாவது, ஆறாவது இடங்களில் பிரிந்து உட்கார்வதைக் கவனிக்க வேண்டும். ‘இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதும்’ என்று நிறங்களை அடுத்தடுத்து அடுக்கிவிட்டால், மலிவுச் சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் ஒரே இணையாக முறுக்கப்பட்ட கம்பிகள் இரு வேறு குறிகளைச் சுமப்பதால் இரைச்சல் கழியாது. விளக்கு எரிந்தும் இணைப்பு தடுமாறும்.

எந்தத் துளையில் மாட்டுவது என்பதும் கவனத்துக்குரியது. ஃபைபர் பெட்டியில் ஒன்றுபோலத் தெரியும் நான்கு லேன் துளைகளுள் சில மாதிரிகளில் ஒன்று மட்டுமே கிகாபிட். மற்றவை 100 மெகாபிட். 300 மெகாபிட் திட்டம் அங்கேயே மூன்றில் ஒன்றாகிவிடும். கிகாபிட் துளையிலிருந்து ஒரே ஒரு கேபிளை எடுத்து, ஐந்து துளையுள்ள ஒரு கிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்சில் மாட்டி, அங்கிருந்து மூன்று மெஷ் பெட்டிகளுக்கும் கிளை பிரிப்பது நல்ல அமைப்பு. சில தயாரிப்புகளில் முதன்மைப் பெட்டிக்குப் பின்னால்தான் மற்றவை வர வேண்டும்; அவற்றில் ஃபைபர் பெட்டி, முதன்மைப் பெட்டி, ஸ்விட்ச் என்ற வரிசை பொருந்தும்.

வளையம் என்ற விபத்து

ஸ்விட்சுக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இடையே ‘வேகம் கூடுமே’ என்று இரண்டாவது கேபிள் போட்டால் வீட்டு வலையமைப்பு முழுவதும் செத்துவிடும். இணையத் தரவுப் பொதியில் எத்தனை ரௌட்டர் தாண்டலாம் என்ற ஓர் எண் உண்டு. தாண்டத் தாண்ட அது குறைந்து பொதி மறையும். அந்தப் பொதியைச் சுமக்கும் ஈதர்நெட் உறையில் அப்படி ஆயுள் எண் இல்லை. வளையம் ஒன்று உண்டானால் ஒரே கூவல் அதில் சுற்றிச் சுற்றி, நகல் பெருகி, கேபிளை அடைத்துவிடும்.

இதற்கான மருந்தை 1985இல், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் உருவாக்கினார். இணைப்புகள் எப்படிப் பின்னிக் கிடந்தாலும் கருவிகள் தமக்குள் பேசி, வளையமில்லாத ஒரு மரத்தை மட்டும் தேர்ந்து, மீதிக் கிளைகளை உறங்கவைக்கும் முறை அது. மலிவான ஸ்விட்சுகளில் இந்த அறிவு இருப்பதில்லை. மெஷ் பெட்டிகளோ கேபிளாலும் காற்றாலும் ஒரே சமயத்தில் இணைந்திருக்கக் கூடியவை. அதாவது இயல்பாகவே வளையம் உண்டாகும் அமைப்பு. கேபிளைக் கண்டதும் காற்றுப் பின்பாதையை உறங்கவைப்பது அவற்றின் மென்பொருளின் பொறுப்பு. கேபிள் அறுந்தால் காற்று வழி மறுபடி விழித்துக்கொள்ளும்.

வரிசையும் சோதனையும்

முதலில் மூன்று பெட்டிகளையும் ஒரே அறையில் வைத்து, செயலியில் சேர்த்து, மென்பொருளைப் புதுப்பித்துவிட வேண்டும். அடுத்து அணுகுபுள்ளி நிலைக்கு மாற்றினால் தொகுதி மறுதொடக்கம் ஆகும். அதன்பின் பெட்டிகளை அவற்றின் இடங்களுக்குக் கொண்டுபோய்க் கேபிளை மாட்டலாம். கடைசியாக ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைக்க வேண்டும். இல்லையென்றால் கைபேசிகள் அந்தப் பழைய அலையையே பிடித்துத் தொங்கும், காற்றும் வீணாகும். பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் மெஷ்ஷுக்கே வைத்துவிட்டால் தொலைக்காட்சி முதல் பிரிண்டர் வரை எதையும் புதிதாக இணைக்க வேண்டியதில்லை. வாசல் காப்பது இனி ஃபைபர் பெட்டி என்பதால், அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுவதும் இப்போதே செய்ய வேண்டிய வேலை.

சோதிக்க மூன்று எண்கள் போதும். ஹாலிலும் மொட்டை மாடியிலும் கைபேசியின் முகவரி ஒரே வரிசையில், 192.168.1 என்று தொடங்க வேண்டும். அதன் ‘கேட்வே’, அதாவது வெளியே போகும் வாசலின் எண், இரண்டு இடத்திலும் 192.168.1.1 ஆக இருக்க வேண்டும். மெஷ் செயலியில் ஒவ்வொரு பெட்டிக்கும் கேபிள் இணைப்பு என்றும் வேகம் 1000 என்றும் தெரிய வேண்டும். அங்கே 100 என்று வந்தால் பெட்டியின் மேல் குற்றமில்லை. கிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை இரண்டு இணைகளே போதும். நீல இணையிலோ பழுப்பு இணையிலோ ஒரு கம்பி தொடாமல் நின்றால் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் பத்தில் ஒன்றாக இறங்கிவிடுகிறது. முனையை வெட்டி, நிற வரிசையைச் சரிபார்த்து, புதுக் கிளிப் மாட்டினால் 1000 திரும்ப வரும்.